கோட்டை வாசல் கல்லின் முன் நிற்க இடம் தாருங்கள்

திருகோணமலைக் கோட்டை வாசலுக்கும் அங்குள்ள தொல்பொருட்களுக்கும் பொறுப்பாக இருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

நான் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தெட்டு வருடம் தமிழ் படிப்பித்தேன். கோணேசரைக் கும்பிடப் போகும் வழியில் பிரெட்றிக் கோட்டை வாசலைக் கடந்த தடவைகளுக்குக் கணக்கில்லை. அந்த வாசல் கல்லில் இரட்டைக் கயலும் பழைய தமிழ் எழுத்தும் இருக்கின்றன என்று வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் ஓட்டோவை நிற்பாட்டி, இறங்கி, அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது போன மாதம்தான். பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தை எனக்குள் போட்டது வேறொரு நாட்டில் பார்த்த வேறொரு கல்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் என் தங்கையின் குடும்பம் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது ஒரு நாள் தங்கையின் மகன், "பெரியம்மா, ஒரு கல்லுப் பாக்க வாறீங்களோ?" என்று கேட்டான். பெர்க்லி என்ற சிறிய ஊர். டோண்டன் ஆற்றங்கரையில் மரங்களும் புல்வெளியுமாக ஒரு சின்னப் பூங்கா. அங்கே ஒரு சிறிய கட்டடத்துக்குள் டைட்டன் பாறை இருக்கிறது. சுமார் 40 தொன் எடை. முன்பு அது ஆற்றுக்குள்ளேயே கிடந்தது. கடல் வற்றுப்பெருக்கு அந்த ஆற்றிலும் ஏறி இறங்குவதால் நாளின் பெரும்பகுதி தண்ணீர் அதை மூடியிருக்குமாம். 1963இல்தான் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதே 1963இல் இங்கே நம் கோணேசர் கோயில் புதுப்பித்துக் கட்டப்பட்டுக் கும்பாபிஷேகம் கண்டது. அது நினைவுக்கு வந்ததும் அந்தக் கல்லோடு எனக்கு ஏதோ உறவு வந்த மாதிரி இருந்தது.

அந்தப் பாறையின் ஒரு முகம் முழுக்கக் கீறல்கள். மனித உருவம் போல, முக்கோணம் போல, எழுத்துப் போல. 1680இல் ஜோன் டான்ஃபோர்த் என்ற மதகுரு அதை முதலில் வரைந்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு வாசிப்புச் சொன்னார்கள். பினீசியர் என்ற பழங்காலக் கடல் வணிகர் வெட்டியது என்றார் ஒருவர். வட ஐரோப்பியக் கடலோடிகள் வெட்டியது என்றார் இன்னொருவர். டெலாபார் என்ற உளவியல் பேராசிரியர், அதில் 1511 என்ற ஆண்டும் மிகேல் கோர்த்தே ரியால் என்ற போர்த்துக்கேய மாலுமியின் பெயரும் தெரிகின்றன என்றார். காணாமற்போன தம்பியைத் தேடி 1502இல் லிஸ்பனிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வராதவர் அந்த மாலுமி. அந்த மண்ணின் பழங்குடி மக்கள் வெட்டியது என்பதுதான் பல அறிஞர்களின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

என் மனதில் தங்கியது வேறு. எல்லா வாசிப்புகளையும் அங்கே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லில் என்ன இருக்கிறது என்பது ஒரு பக்கம், யார் அதை என்னவென்று படித்தார் என்பது இன்னொரு பக்கம். இன்னொன்றும் அறிந்தேன். அந்தக் காலத்தில் படம் பிடிக்க வந்தவர்கள் கீறல் தெளிவாகத் தெரியட்டும் என்று சோக்கால் கோடு போட்டுவிட்டுத்தான் படம் எடுப்பார்களாம். ஒவ்வொருவரும் தான் கண்ட கோட்டுக்கு மேல்தானே சோக்குப் பிடிப்பார்! அதனால் ஒரே கல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு கல்லாக இருக்கிறது.

சரி, நம் கல்லுக்கு வருகிறேன்.

"முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் பாட்டு இந்த ஊரில் தெரியாதவர் குறைவு. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயர், குலைப்பார்கள் என்பது அதன் பொருள். வாசல் கல்லில் இருப்பதும் அந்தத் தொடக்க வரிதான். அதில் பிறகு வரும் பூனைக்கண்ணனும் செங்கண்ணனும் புகைக்கண்ணனும் யார் யார் என்பதற்கு என் அப்பு ஒரு விளக்கம் சொல்வார், பக்கத்து வீட்டு ஐயா வேறொன்று சொல்வார். 1620களில் போர்த்துக்கேயர் மலையிலிருந்த கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர். பிரெட்றிக் என்ற பெயர் 1803இல் வந்தது. இத்தனை பேரும் அந்தக் கல்லைப் பார்த்திருப்பார்கள்.

போன மாதம் பின்னேர வெயில் சாய்ந்து விழுந்த நேரத்தில் நான் போய் நின்றேன். பாட்டாக வாயில் சரளமாக வரும் அந்த வரி, கல்லில் அப்படி இல்லை. துண்டு துண்டாக நிற்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. ஓரங்களில் எழுத்து தேய்ந்து போயிருக்கிறது. 'பறங்கி' என்ற சொல்லின் இடத்தில் என் கண் நின்றது. கோயிலை இடித்தவன் எழுப்பிய கோட்டையின் வாசலிலேயே அவன் பெயரைச் சொல்லும் எழுத்து. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, பின்னால் ஒரு வான் ஹோர்ன் அடித்தது. ஒதுங்கினேன். அடுத்தது பஸ். அந்த வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போகிற வாகனம் எல்லாம் போய் வர வேண்டும், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

பெரியோர்களே, என் வேண்டுகோள் பெரிதில்லை. வாசலுக்கு வெளியே, வாகனத்துக்கு இடைஞ்சல் இல்லாமல், கல்லைப் பார்த்தபடி ஐந்தாறு பேர் நிற்கக்கூடிய ஒரு ஒதுக்கிடம் வேண்டும். அந்த இடத்தில் கல்லின் கோட்டுப்படம் ஒன்று, உள்ளது உள்ளபடி. இன்று கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மட்டும் கறுப்பில் போடுங்கள். மக்கள் வாயில் வழங்கும் பாட்டின் மீதி வரிகளை வேறு நிறத்தில் போடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். பிள்ளைகள் கல்லையும் பாட்டையும் தனித்தனியே அறிந்தால்தான் இரண்டின் மதிப்பும் அவர்களுக்கு விளங்கும். விளக்கம் மூன்று மொழியிலும் இருக்கட்டும். கோட்டைக்குள் திரியும் மான்களைப் படம் எடுக்க நிற்கும் தென்பகுதிப் பிள்ளைகளும் இந்தக் கல்லின் முன் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

எழுத்து மங்கிவிட்டது என்று யாரும் நல்ல மனதோடு பெயின்ற் பூசவோ சோக்குப் பிடிக்கவோ வந்தால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சாய்ந்த வெளிச்சம் போதும். பொழுதுபட்ட பிறகு ஒரு ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்துகள் மேலெழும்பி வரும்.

கோட்டை இராணுவத்தின் பொறுப்பில் இருப்பதும், ஒரு பலகை நடுவதற்குக்கூடப் பல இடங்களில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நான் வரத் தயார். சம்பளம் வேண்டாம். ஒரு கதிரை போட இடமும், வருகிற பிள்ளைகளை ஓரமாக நிற்க வைக்க உங்கள் அனுமதியும் தந்தால் போதும். ரோர்ச் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருத்தி,
திருகோணமலை