பூப்பந்தாட்டக் கழகம்: 2025-26 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும், முன் வரிசைப் பெரியவங்களுக்கும், சேர் பத்தாம சுவத்துல சாஞ்சு நிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம். எப்பவும் இந்த அறிக்கைய நல்ல தமிழ்ல எழுதி வாசிக்கிறதுதான் வழக்கம், போன வருசம் "நிகழும் ஆண்டில்"னு ஆரம்பிச்ச உடனே பாதிப் பேரு செல்ல எடுத்துட்டீங்க, அதனால இந்த வாட்டி பேசுற மாதிரியே எழுதிருக்கேன்.

முதல்ல வருசத்து வேலை. கோடைப் பயிற்சி நடந்துச்சு, பள்ளிக்கூடப் பிள்ளைக நல்லா வந்தாங்க. 2025 மே 12 அழகர் ஆத்துல இறங்குன அன்னைக்கு ஆரப்பாளையம் பக்கம் நீர்மோர்ப் பந்தல் போட்டோம், அந்த வாரம் பூரா ஒருத்தரும் பேட்டத் தொடல, மதுரையில அத யாரும் கேக்கவும் முடியாது. ஐப்பசி கார்த்திகை மழையில மண் கோர்ட்டு சேறாகிப் போச்சு, நம்மது ஷட்டில் இல்ல, பால் பேட்மிண்டன், அந்தக் கம்பளிப் பந்து ஈரத்துல பட்டா கல்லு மாதிரி கனக்கும், பேட்டு நரம்புக் கட்டுதான் அறும், அதனால ஆட்டமே இல்ல. டோர்னமெண்டுல பெருசா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, போனோம், ஆடுனோம், வந்தோம். நவம்பர் 29 ரேஸ்கோர்ஸ் மைதானத்துல ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி, இந்தியா ஓமன் மேட்ச்சுக்கு ஒரு கூட்டமா கிளம்பிப் போனோம். 17க்கு 0. நம்ம ஊருல ஒரு உலகக் கோப்பை மேட்ச்ச உக்காந்து பாக்குறோம்ங்கிற சந்தோசம் ஒரு பக்கம், பத்து கோலுக்கு மேல போனப்ப என் பக்கத்துல இருந்த தம்பி சொன்னான், "அண்ணே இருந்திருந்தா இந்நேரம் ஓமனுக்கு விசில் அடிச்சிருப்பாரு"ன்னு. உண்மைதான், தோக்குற டீமு பக்கம் போய் உக்காந்துக்கிற மனுசன் அவரு.

அண்ணே ஆவணி மாசம் நம்மள விட்டுப் போயிட்டாரு. மூத்த உறுப்பினர் மறைவுக்கு இரங்கல்னு ரெண்டு வரியில எழுதிட்டு அடுத்ததுக்குப் போகத்தான் நெனச்சேன், மனசு ஒப்பல.

புதுசா சேந்த பிள்ளைகளுக்காகச் சொல்றேன். கவர்மெண்ட் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கோர்ட்டுல நிக்கணும்ங்கிறதுக்காகவே யாரும் எடுக்காத விடியக்காலை டூட்டிய மாத்தி மாத்தி வாங்கிக்குவாரு. அந்த கண்டக்டர் விசிலுதான் நம்ம அம்பயர் விசிலும், பாயிண்ட்டுக்கு ஒரு விசில், கேம் முடிஞ்சா டபுள் விசில், "ரைட் ரைட், எறங்கு"ம்பாரு. 24 மீட்டர் நீளம் 12 மீட்டர் அகலம் கயிறு புடிச்சு சுண்ணாம்புக் கோடு போடுறதுல அவர அடிச்சுக்க ஆளில்ல. ஆட்டம்னு பாத்தா, நெசத்தச் சொல்லிருவோம், சுமாராத்தான் ஆடுவாரு. அஞ்சு பேர்ல பின்னாடி லெஃப்ட்ல நிப்பாரு, காத்தடிச்சா பந்து எங்கிட்டு வளையும்னு மட்டும் கரெக்டாச் சொல்லிருவாரு, கைக்கு வந்தா நெட்டுல அடிச்சிருவாரு. 29 பாயிண்ட்ல முடிஞ்ச கேம்ம 35 ஆக்கிட்டாய்ங்கன்னு கடைசி வரைக்கும் பொலம்புனாரு. தஞ்சாவூர் அரண்மனையில ராசாக்க ஆடுன ஆட்டம்டா இதுன்னு புதுப் பையன் யாரு வந்தாலும் ஆரம்பிச்சிருவாரு, செல்லூர்ல கபடிக்கு ரவுண்டானாவே இருக்கு நமக்கு ஒரு போர்டு கூட இல்லையேன்னு அதுலயே ஒரு வருத்தத்தையும் சேத்துக்குவாரு.

நம்ம கழகத்துல பொம்பளப் பிள்ளைக ஆடுறதுக்கு அவருதான் காரணம். மகள கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சென்டர்ல நிறுத்துனாரு, அன்னைக்கு மொணங்குன பெரியவங்க சில பேரு இங்கயே உக்காந்திருக்கீங்க, பேரு சொல்ல மாட்டேன். மத்திய அரசு ஸ்போர்ட்ஸ் கோட்டா பட்டியல்ல பூப்பந்தும் இருக்குன்னு அவரு சொன்னப்ப நம்மள்ல யாரும் நம்பல, அந்தப் பிள்ளை அதுலதான் இன்னைக்கு வேலையில இருக்கு. மகனுக்கு விளையாட்டே ஆகாது, அவன ஒரு நாளும் வாடான்னு இழுத்ததில்ல, நிழல்ல உக்காந்து ஸ்கோர் எழுதுடா போதும்னாரு. அந்த நோட்டு எல்லாம் நம்ம பீரோவுலதான் இருக்கு, ஓரத்துல பூரா பஸ்ஸு படமா வரைஞ்சு வச்சிருக்கான்.

வீட்டு ஆளுகளுக்கு இதெல்லாம் இனிச்சுச்சான்னு கேட்டா இல்ல. தீபாவளிக்குத் துணி எடுக்க வச்சிருந்த காசுல நெட்டு வாங்கிட்டு வந்து நின்ன கதைய மதினி இப்பவும் கோவமாத்தான் சொல்லும். பதினாறாம் நாள் விசேசத்துல மகன் எங்கிட்ட, "அப்பா உங்க எல்லாருக்கும் நல்லா ஞாபகம் இருக்காரு மாமா, எனக்கு அவரு சாயங்காலத்துல வீட்டுல இருந்ததே ஞாபகம் இல்ல"ன்னான். பதில் சொல்லத் தெரியல எனக்கு.

கடைசி வருசம் சுகர்ல கால்ல புண்ணு ஆறாம ரொம்பக் கஷ்டப்பட்டாரு, சேர் போட்டு ஓரமா உக்காந்து விசில் மட்டும் அடிச்சாரு. தத்தனேரிக்கு எடுத்துட்டுப் போறப்ப நம்ம பசங்க அவரு பேட்ட கூடவே வச்சு அனுப்பிரலாம்னு எடுத்தாய்ங்க, மதினி அந்த அழுகையிலயும் வெடுக்குன்னு புடுங்குச்சு. "போன மாசந்தான் புதுக் கட்டு போட்டு வாங்குனாரு, எந்தப் பிள்ளைக்காச்சும் குடுங்கடா, அத எதுக்கு எரிக்கிறீங்க"ன்னு. அந்த பேட்டு இப்ப எட்டாப்பு படிக்கிற ஒரு பிள்ளை கையில இருக்கு, அண்ணன விட நல்லாவே அடிக்குது.

இப்ப கழகத்து விசயம், இதத்தான் நான் முக்கியமாச் சொல்லணும். அண்ணே போன பெறகு ரெண்டு மாசம் பொம்பளப் பிள்ளைக ஒண்ணொண்ணா நின்னுருச்சுக. துக்கம்னு நெனச்சோம், அப்புறம் மழைன்னு நெனச்சோம். ஒரு பிள்ளையோட அம்மாகிட்டப் போய்க் கேட்டப்பதான் தெரியுது, நம்ம கோர்ட்டுல கக்கூஸ் கெடையாது, டிரஸ் மாத்த ஒரு மறைப்பும் கெடையாது, இத்தன வருசமா அம்புட்டுப் பிள்ளைகளும் ரெண்டு தெரு தள்ளி மதினி வீட்டுக்குத்தான் போயிருக்குக. தண்ணி, சீப்பு, நாப்கின் வரைக்கும் அது எடுத்து வச்சிருந்திருக்கு. எழவு விழுந்த வீட்டுக்கு எப்படிப் போய் நிக்கிறதுன்னு கூச்சப்பட்டுத்தான் வராம இருந்திருக்குக. அண்ணன் பேர நம்ம எல்லா அறிக்கையிலயும் எழுதிருக்கோம், நான் பழச எல்லாம் எடுத்துப் பாத்துட்டேன், மதினி பேரு ஒண்ணுல கூட இல்ல.

அண்ணன் பேருல சுழற்கோப்பை, ரொக்கப் பரிசு, லைட்டு மைக்கோட ரெண்டு நாள் டோர்னமெண்டுன்னு கமிட்டியில பேசுனோம், அதுக்கு நன்கொடை தர்றதுக்கும் ஆளுக இருக்காங்க. மதினிகிட்ட சம்மதம் கேக்கப் போனோம். காப்பி குடுத்துச்சு, எல்லாத்தையும் கேட்டுச்சு, "அந்த மனுசன் கப்புக்கு ஆடுன ஆளா? அந்தக் காசுல பிள்ளைகளுக்கு ஒரு கக்கூஸக் கட்டுங்க. எனக்கும் வயசாகுது, நான் மகளோட போயிட்டா இதுக எங்க போகும்"னு கேட்டுச்சு.

கமிட்டியில இது ரெண்டு பட்டு நிக்கிது. கோப்பை வச்சாத்தான் பேரு நிக்கும்ங்கிறவங்களும் அண்ணன் மேல பிரியத்துலதான் சொல்றாங்க, அத நான் கொறை சொல்லல. ஆனா செயலாளரா என் கருத்த ஒளிக்க மாட்டேன், கோப்பைய அடுத்த வருசம் கூட வச்சுக்கலாம், கக்கூஸ் மொதல்ல. சுவத்துல அவரு பேரு எழுத வேணாம்னும் மதினி கண்டிசனாச் சொல்லிருச்சு, இதுக்கு மட்டும் கொஞ்சம் சிரிச்சுச்சு.

தீர்மானத்த மகளே முன்மொழியுது, லீவு போட்டு வந்திருக்கு. வழிமொழியிறவங்க கைய நல்லா மேல தூக்குங்க, சுவத்தோரம் நிக்கிறவங்க கை எனக்குத் தெரிய மாட்டேங்குது. எண்ணி முடிச்ச உடனே பொருளாளர் வரவு செலவு வாசிப்பாரு.