வேன் ஏன் நின்றது என்று கேட்டோம்

சேலம், அஸ்தம்பட்டி

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே மருமகளுக்குப் பிரசவம், பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். வீட்டில் இரவும் பகலும் ஒன்றாகிவிட்டதால் பேனாவை எடுக்க முடியவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் பேச்சைக் கேட்கமாட்டாய் என்று தெரியும். தங்கச்சியின் பேச்சையாவது கேள்.

கொரோனா தடுப்பூசி பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரியைப் போட்டு முடித்திருக்கிறாய்: “மருத்துவக் கொள்கையை அறிந்தவர்கள் முடிவு செய்தால் போதும், ஊரில் எல்லோருக்கும் காரணம் சொல்லிக்கொண்டிருந்தால் ஒரு ஊசிகூடப் போட முடியாது.” முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை நானும் நீயும் கை தூக்கி முடிவு செய்ய முடியாதுதான். இரண்டாம் பாதிதான் எனக்கு இறங்கவில்லை.

என் மைத்துனனின் காப்பித் தோட்டத்துக்குக் கீழே ஒரு மலைக்கிராமம் இருக்கிறதே, நினைவிருக்கிறதா? ஏற்காட்டிலிருந்து பஸ் போகும் பாதையை விட்டு இறங்கி நடக்க வேண்டிய ஊர். அங்கே வாரம் ஒருமுறை காலையில் நடமாடும் மருத்துவ வேன் வரும். மாரியம்மன் கோயில் முன்னால் நிற்கும். ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சர்க்கரை மாத்திரை கொடுப்பார்கள், புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள். திடீரென்று அந்த வேன் நின்றுபோனது. டீசலுக்குப் பணம் இல்லை என்றார் ஒருவர்; டாக்டருக்கு மாற்றல் என்றார் இன்னொருவர்; போன தேர்தலில் இந்த ஊர் யாருக்கு ஓட்டுப் போட்டது என்று பார்த்துத்தான் நிறுத்தினார்கள் என்று மூன்றாமவர் அடித்துச் சொன்னார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தார்கள். பதில் வந்தது: “தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. நிர்வாகக் காரணங்களால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை.”

நான் அந்த வாசகத்தை எத்தனை பேருக்கு எழுதி அனுப்பியிருப்பேன்! முப்பது வருடம் குமாஸ்தா வேலை என்றால் சும்மாவா? எதிராளி வாயைத் திறக்க முடியாத வாக்கியம் அது. எதை மறுத்துப் பேசுவது? பிடித்துக்கொள்ள ஒரு நுனிகூட இருக்காது.

ஊரில் கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதினோம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, “வேனை நிறுத்துவதென்று முடிவெடுத்த கோப்பின் குறிப்புப் பக்க நகல் வேண்டும்” என்று கேட்டோம். நடப்புக் கோப்பை மட்டும் கேட்டால் வந்த கடிதமும் போன கடிதமும்தான் கிடைக்கும். யார் என்ன நினைத்தார்கள் என்பது குறிப்புக் கோப்பில்தான் இருக்கும். உள்ளேயிருந்தவனுக்குத் தெரிந்த சூட்சுமம் இது.

நகல் வந்தது. அதில் அரசியலும் இல்லை, டீசலும் இல்லை. கார்த்திகையிலிருந்து தை வரை வேனுக்கு வந்த நோயாளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. “பயன்பாடு குறைவு, வேறு ஊருக்கு மாற்றலாம்” என்று ஒருவர் எழுதியிருந்தார், மேலே இருந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைப் படித்துக் காட்டியதும் கோயில் திண்ணையில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மாதங்களில் காப்பிப் பழம் பறிப்பு. காலையில் கூடையோடு தோட்டத்துக்குப் போனால், பழத்தை அளந்து கொடுத்துவிட்டுச் சாயங்காலம்தான் ஊர் திரும்புவார்கள். வேன் காலையில் வந்து ஆளில்லாத கோயிலுக்கு வைத்தியம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

குறிப்பை எழுதியவர் கெட்டவர் அல்லர். அவருடைய மேசையில் இருந்த காரணம் கணக்குப்படி சரியானது. அது ஊருக்குத் தெரிந்திருந்தால் முதல் வாரத்திலேயே பதில் கிடைத்திருக்கும். மறுபடி மனு எழுதினோம். இந்த முறை கெஞ்சவில்லை, பறிப்பு மாதங்களையும் வேலை நேரத்தையும் மட்டும் எழுதினோம். இப்போது வேன் மாலையில் வருகிறது. வாரம் ஒருமுறை கேட்டோம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் கொடுத்தார்கள். ஒரே வேன், அதற்கு எந்தெந்த ஊர்கள் காத்திருக்கின்றன என்று பட்டியலையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். ஊர் முணுமுணுத்தது, ஆனால் ஏற்றுக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் கேட்டே இருக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்துப் பார். பொதுமக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும், நிர்வாக முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. யாரும் விண்ணப்பம் போடாமலே செய்ய வேண்டிய கடமை அது. நம் அலுவலகங்களில் அந்தப் பிரிவு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

இனி உன் தடுப்பூசிக்கு வருகிறேன். 2021 மே மாதத்தை நினைத்துப் பார். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒன்றிய அரசு இலவசமாகத் தரும், 18 முதல் 44 வரை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். அதே கோவிஷீல்டு ஒன்றியத்துக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300 ரூபாய். ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, நிர்வாகத்தின் அறிவை நம்புங்கள் என்கிற தொனியில்தான் அரசு பதில் மனுவில் சொன்னது. உன் வாதமேதான்! மே 31 அன்று நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் அமர்வு, அந்த வயதினருக்குக் கட்டணம் வைத்தது மேலோட்டமாகப் பார்த்தாலே தன்னிச்சையாகவும் அறிவுக்குப் பொருந்தாததாகவும் தெரிகிறது என்று சொல்லி, கொள்கை உருவான கோப்புக் குறிப்புகளைக் கொண்டுவரச் சொன்னது. கொள்கையை நாங்கள் வகுக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்று காட்டுங்கள் என்றார்கள். ஜூன் 7-ஆம் தேதி பிரதமர் கொள்கையை மாற்றி அறிவித்தார். அந்தக் கேள்வி ஒன்றால்தான் மாறியது என்று சொல்லமாட்டேன், மாநிலங்களும் முட்டிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், உள்ளே இருப்பது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று எழுதியவனுக்குத் தெரிந்துவிடும். நான் சொல்கிறேன், நம்பு.

அதே மே மாதம் 13-ஆம் தேதி, இரண்டு கோவிஷீல்டு ஊசிகளுக்கு இடையிலான இடைவெளியை 6–8 வாரத்திலிருந்து 12–16 வாரமாக்கினார்கள். இங்கிலாந்தில் கிடைத்த அனுபவம்தான் ஆதாரம் என்றார்கள். இடைவெளி கூடினால் அந்த ஊசி நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருந்தது. ஆனால் ஊசி தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. இரட்டிப்பாக்கும் அளவுக்குத் தரவு இல்லை என்று அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவைச் சேர்ந்தவர்கள் சிலரே பிற்பாடு செய்தியாளர்களிடம் சொன்னார்கள். நம் தெருவில் என்ன பேசினார்கள்? “சரக்கு இல்லை, அதனால் தள்ளிப் போடுகிறார்கள்.” தட்டுப்பாடும் ஒரு காரணம் என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட ஜனங்கள் புரிந்துகொண்டிருப்பார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்று வளர்ந்தவர்கள்தானே நாம். முடிவு செய்தது ஒரு காரணத்துக்காக, வெளியில் சொல்வது வேறொரு காரணம் என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்துவிட்டால், அடுத்து நீ சொல்லும் உண்மையையும் யாரும் வாங்கமாட்டார்கள்.

பணம் போதாத இடத்தில் என்ன செய்வது என்று கேட்பாய். அங்கேதான் காரணம் இன்னும் அதிகமாக வேண்டும் என்று நினைக்கிறேன். நார்மன் டேனியல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞரும் ஜேம்ஸ் சாபின் என்ற மனநல மருத்துவரும் 1990களில் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். எதை முதலில் கொடுப்பது என்பதில் எல்லோரும் ஒத்துப்போகப்போவதில்லை. அதனால் முடிவின் காரணத்தை வெளியிடு, நியாயமாக யோசிக்கிற எதிராளியும் ‘இது பொருட்படுத்த வேண்டிய காரணம்தான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி இருக்கட்டும், புது விவரம் வந்தால் மறுபரிசீலனைக்கு வழி வை, இதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்க ஓர் ஆளையும் போடு என்றார்கள்.

எனக்குத் தாய்லாந்தின் கதை பிடிக்கும். 2002-இல் எல்லோருக்கும் மருத்துவம் என்று திட்டம் கொண்டுவந்தபோது, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான டயாலிசிஸைச் சேர்க்கவில்லை. செலவு தாங்காது என்றார்கள். பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோதும், கொடுக்கும் பணத்துக்கு ஈடான பலன் இல்லை என்றுதான் விடை வந்தது. ஆனாலும் 2008-இல் சேர்த்தார்கள். சிகிச்சைக்காகக் குடும்பங்கள் நிலத்தையும் வீட்டையும் இழந்துகொண்டிருந்தன என்பது அந்தக் கணக்கில் வராத காரணம், ஆனால் காரணம்தான். சேர்க்கும்போதும் ஒரு வரம்பு வைத்தார்கள்: வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்துகொள்ளும் முறைதான் முதலில், ஏனென்றால் நாடு முழுக்கப் போதுமான இயந்திரமும் செவிலியரும் இல்லை. 2022-இல் அந்த வரம்பையும் தளர்த்தி, எந்த முறை என்பதை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கணக்கு ஒன்றைச் சொல்லிற்று, அரசு வேறொன்றைச் செய்தது. ஆனால் கணக்கை ஒளித்து வைக்கவில்லை. கணக்கு சொன்னது, அதனால் செய்தோம் என்று கணக்கின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களைவிட இது எவ்வளவோ மேல்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தொற்று பரவும்போது கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்க முடியாது. காரணம் சொல்லு, கேள்வி கேளு என்று ஆரம்பித்தால், சத்தமாகப் பேசத் தெரிந்தவனுக்கே எல்லாம் போய்விடும் ஆபத்தும் உண்டு. அந்தக் கல்லூரிப் பெண் இல்லாத ஊர்கள் இந்தச் சேர்வராயன் மலையிலேயே எத்தனையோ. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவசரத்தில் முடிவை முதலில் எடு, காரணத்தை அன்றைக்கே எழுதி வை, பிறகு வெளியிடு என்பது மட்டும் முடியும் என்று தோன்றுகிறது. அன்றைக்கே எழுதுவது முக்கியம். ஆறு மாதம் கழித்து எழுதினால் காரணம் எப்போதும் அழகாகத்தான் வரும்.

இப்போது அந்த ஊருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் கேட்கலாம் என்று பேச்சு. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. மலையில் எண்ணிக்கையைக் குறைத்து வைத்ததே நடக்கும் தூரத்தை நினைத்துத்தான். அப்படியென்றால் வீடுகள் சிதறிக் கிடக்கும் இடத்தில் 2,000 பேரானாலும் கொடுக்கலாமே என்று வாதாடிப் பார்க்கப்போகிறோம். இதற்கு உன் உதவி வேண்டும். உன் அக்காள் மகன் தலைமைச் செயலகத்தில்தானே இருக்கிறான்? மலைப்பகுதிகளில் துணை சுகாதார நிலையம் அமைப்பது பற்றிய அரசாணைகள் இருந்தால் எடுத்துத் தரச் சொல். ஆணை மட்டும் போதாது. ஆணையில் ‘பார்வை’ என்று போட்டுக் காட்டியிருக்கும் முந்தைய கடிதங்களின் நகலும் வேண்டும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பேத்திக்குப் பெயர் வைக்கும் நாளைக் குறித்ததும் எழுதுகிறேன். முழங்காலைச் சாக்காக வைத்து வராமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
கோவிந்தன்