ஷீட் அடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டுப் பழைய கடைகளின் முகப்பில் ஏசிபி ஷீட் என்கிற பளபளப்பான அலுமினியப் பலகையை அடித்து மறைப்பதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். இன்னொருவர், “கோயிலா, அரண்மனையா? சின்ன ஊர்க் கடைக் கட்டடத்துக்கு என்ன பாரம்பரியம் வேண்டிக் கிடக்கிறது?” என்று பதில் எழுதினார். இந்தக் கடிதம் அந்த இரண்டாமவருக்கு.

என் மகள் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது, “மாமா, நீங்கள் பேங்க்காரர், இதைப் பார்த்தே ஆக வேண்டும்” என்று மருமகன் என்னை ஒவடோனா என்ற ஊருக்கு அழைத்துப் போனார். மினியாபொலிஸிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம். சுற்றிலும் மக்காச்சோளக்காடும் பால்மாடும்தான். ஊர் நடுவில் ஒரு பூங்கா, அதற்கு எதிரே தெருமுனையில் நான் சொல்ல வந்த கட்டடம். 1908இல் ‘நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க்’ என்ற உள்ளூர் வங்கிக்காகக் கட்டியது. அன்றைக்கு அந்த ஊரின் ஜனத்தொகை ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம்.

வங்கியை நடத்தியவர்களில் கார்ல் பென்னெட் என்று ஒருவர். ஹார்வர்டில் படித்தவர், சங்கீதப் பித்து உள்ளவர், குடும்பத் தொழிலுக்காக ஊர் திரும்பியவர். வங்கி என்றால் கிரேக்கக் கோயில் மாதிரி பெரிய தூண்களை நட்டு, ஜனங்களை மிரட்ட வேண்டும் என்பதுதான் அப்போதைய வழக்கம். பென்னெட்டுக்கு அது பிடிக்கவில்லை. 1906இல் ஒரு பத்திரிகையில் லூயிஸ் சல்லிவன் என்ற கட்டடக் கலைஞர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு அவருக்கே எழுதிக் கேட்டார். சல்லிவன் சாதாரண ஆள் இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்களில் முதல் வரிசைக்காரர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் பென்னெட்டின் கடிதம் போன நேரத்தில் அவர் நொடித்துப் போயிருந்தார். கூட்டாளி பிரிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, பெரிய நகரத்து வேலைகள் வருவது நின்றுபோயிருந்தது. ஒரு கிராமத்து வங்கிதான் அவருக்குக் கைகொடுத்தது.

அவர் கட்டிக்கொடுத்தது பார்வைக்கு ஒரு பெட்டி. பக்கத்துக்கு 68 அடி, சரியான சதுரம். கீழே செந்நிற மணற்கல், அதன்மேல் சொரசொரப்பான செங்கல். செங்கல்லிலேயே பல வண்ணச் சாயல் கலந்திருப்பதால் வெயில் மாறமாற சுவரும் மாறுகிறது. தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் 36 அடி அகல வளைவுக்குள் ஒரே பெரிய ஜன்னல், அதில் வண்ணக் கண்ணாடி. அதைச் சுற்றி நீலமும் பச்சையும் கலந்த சுடுமண் பட்டை ஒன்று ஓடுகிறது. மூலைகளில் மட்டும் இலையும் கொடியுமாகச் சுடுமண் வேலைப்பாடு. மற்ற இடமெல்லாம் வெறும் சுவர்தான். அலங்காரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கை அது. நம் ஊரில் புதுசாகக் கட்டுகிற கல்யாண மண்டபங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வெறும் சுவர் ஞாபகம் வருகிறது.

உள்ளே போனால் பச்சையும் பொன்னுமான ஒரு வெளிச்சம். கூடத்தில் நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்கு மேல் எடை! அடியில் நிற்கும்போது கொஞ்சம் நகர்ந்தே நின்றேன். அவற்றின் நகாசு வேலையில் பெரும்பங்கு சல்லிவனின் உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியுடையது. தெருப் பக்கம் இல்லாத சுவர்களிலும் அதே வளைவுகள், ஜன்னலுக்குப் பதில் ஆஸ்கர் கிராஸ் வரைந்த ஓவியங்கள். ஒன்றில் மாடுகள் மேய்கின்றன. வங்கிச் சுவரில் ராஜா படமோ நிறுவனர் படமோ இல்லாமல், கடன் வாங்க வருகிறவனின் மாடு. விவசாயிகள் உட்கார்ந்து பேசத் தனி அறை, பெண்களுக்குத் தனி அறை என்று அப்போதே திட்டம் போட்டிருக்கிறார்கள். என் முதல் கிளையில் நகைக்கடனுக்கு வந்தவர்கள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டடமும் தப்பித்துவிடவில்லை. கட்டியவர்களுக்கே அது நிலைக்கவில்லை. சல்லிவன் 1924இல் சிகாகோவில் கையில் காசில்லாமல் இறந்தார். 1926இல் வங்கியே மூழ்கியது, பென்னெட்டின் வங்கித் தொழிலும் அதோடு முடிந்தது. பிறகு கட்டடத்துக்கு வந்த வங்கி 1940இல் உள்ளே ‘நவீனப்படுத்தியது’. காசாளர் கவுண்டர்களின் வேலைப்பாடுள்ள கிராதிகளைக் கழற்றினார்கள். தப்பியவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. பழசு, இடத்தை அடைக்கிறது, காலத்துக்கு ஒவ்வாது என்று நம்மவர்கள் சொல்லும் காரணங்கள்தான் அங்கேயும் இருந்திருக்கும்.

ஆனால் வெளிச்சுவரையும் கண்ணாடியையும் ஓவியத்தையும் விளக்கையும் தொடாமல் விட்டார்கள். அதனால்தான் 1950களின் கடைசியில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞரை வைத்து அந்தக் கூடத்தை மறுபடி சரிசெய்ய முடிந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. போனது போனதுதான். அப்புறம் 1976இல் அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1981இல் 18 சென்ட் தபால்தலையில் அந்தச் சின்ன ஊர்க் கட்டடத்தைப் போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் அதைப் பூட்டிக் காட்சிப் பொருளாக்கவில்லை. நான் போனபோது வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கிளை நடந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பணம் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் தேக்குக் கவுண்டரும் பித்தளைக் கிராதியும் இருந்தன. கிளையைப் புதுப்பித்தபோது கழற்றிப் பின்கட்டில் போட்டார்கள். மழை பெய்தது. கடைசியில் பித்தளை எடைக்குப் போனது, தேக்கு யார் வீட்டுக்குப் போனதோ. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. நாளைக்கு அந்த வங்கியே நினைத்தாலும் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

பழைய கட்டடத்தை அப்படியே வைத்திருங்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஓட்டைக் கூரையின் கீழே வியாபாரம் செய்கிறவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஏசி வேண்டும், ஷட்டர் வேண்டும், போர்டு பளிச்சென்று தெரிய வேண்டும், எல்லாம் நியாயம். ஆனால் ஷீட் அடிக்கும்போது சுதை வேலைப்பாட்டையும், கட்டிய வருஷம் போட்ட நெற்றியையும் உளியால் கொத்தி எறியாதீர்கள். கொஞ்சம் முன்னால் சட்டம் அடித்து அதன்மேல் ஷீட்டை மாட்டுங்கள். செலவு சற்றுக் கூடும், அவ்வளவுதான். பின்னால் வருகிறவர் ஷீட்டைக் கழற்றினால் பழைய முகப்பு கிடைக்கும். பலகைக் கதவு, தூண், கிராதி எதையாவது கழற்றினால் காயலான் கடைக்கு அனுப்பும் முன் வீட்டுப் பரணில் இடம் இருக்கிறதா பாருங்கள்.

நகராட்சிக்கும் ஒரு வார்த்தை. முகப்பு மாற்றுவதற்கு அனுமதி கேட்டு வரும்போது பழைய முகப்பின் படம் ஒன்றையும் அளவுகளையும் வாங்கிக் கோப்பில் சேருங்கள்.

நகராட்சி அதைச் செய்யும்வரை, தங்கள் பத்திரிகை வாரம் ஒரு பழைய கடை முகப்பின் படத்தை, கட்டிய வருஷத்தோடு வெளியிட்டால் நல்லது. எங்கள் தெருவில் மிச்சம் இருப்பவற்றை நானே கைப்பேசியில் எடுத்து அனுப்புகிறேன். தேர் முட்டிக்கு எதிரே உள்ள பாத்திரக்கடைக்குச் சாரம் கட்டிவிட்டார்கள், ஆகவே அதை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் கிளை மேலாளர் ஒருவர்