ஜெபக்கூட்டத்தை நேரலை ஆக்க வேண்டாம், ஐயா: எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகர குருவானவர் ஐயாவுக்கும் கமிட்டி அங்கத்தினர்கள் எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசித்த அறிவிப்பைக் கேட்டேன். நம் வெள்ளிக்கிழமை ஜூம் ஜெபக்கூட்டம் அடுத்த மாதம் முதல் யூடியூபில் நேரலையாகப் போகும், திரையின் ஓரத்தில் காணிக்கைக்கு கியூஆர் கோடு இருக்கும் என்றார்கள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மனது கனத்துப்போனது. தனியாக வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஜெபத்தில் இருக்கிறவர்களில் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை, அவர்கள் காதுக்கும் இது எட்ட வேண்டும் என்றுதான் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்.

இது ஆரம்பித்த கதை கமிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் நம் தெருவில் ஒரு பெரியம்மா இறந்தார்கள். மகன் துபாயில். விமானம் கிடையாது. அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் போகக் கூடாது. அன்று ராத்திரி நாங்கள் ஏழு பேர் ஜூமில் சேர்ந்து அவனோடு ஜெபித்தோம். அவன் கேமராவை அணைத்துவிட்டான், அழுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முடிக்கிற நேரத்தில், "நாளைக்கும் வருவீங்களா அத்தை?" என்று கேட்டான். சரி என்றேன். ஆரம்பம் அவ்வளவுதான். ஊழியத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் தப்புப் பண்ணித்தான் கற்றுக்கொண்டோம். முதல் வாரம் எல்லாரும் சேர்ந்து கீர்த்தனை பாடினோம். ஒருவர் சரணத்துக்குப் போயிருப்பார், இன்னொருவர் குரல் அப்போதுதான் பல்லவிக்கு வந்து சேரும். அதிலிருந்து ஒருவர் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் கூடவே பாடுகிறோம். முதலில் அதிகாலை ஐந்து மணிக்கு வைத்தோம். குவைத்தில் அப்போது இரண்டரை மணி என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஒரு தங்கச்சி ஒரு மாதம் தூங்காமல் வந்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் இரவு ஒன்பதுக்கு மாற்றினோம். துபாயில் ஏழரை, குவைத்தில் ஆறரை. சிங்கப்பூரில் பதினொன்றரை ஆகிவிடுகிறது என்பதால் அங்குள்ள நாலு குடும்பங்கள் தங்கள் நேரத்துக்குத் தனியாகக் கூடுகிறார்கள். உபவாச நாளில் ஒருவர் மாற்றி ஒருவர் இடைவிடாமல் ஜெபிக்கிற சங்கிலி ஜெபத்துக்கு இந்த நேர வித்தியாசமே ஆசீர்வாதம். நமக்கு நடுராத்திரி ஒரு மணி என்றால் கனடாவின் டொரன்டோவில் பிற்பகல் நேரம். யாரும் கண் விழிக்க வேண்டியதில்லை. 1727இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கு மணி பங்கு போட்டுத் தொடங்கிய ஜெபம் நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. அந்த வசதி இன்றைக்கு நம் கையில் கிடக்கிறது.

இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அந்தக் கட்டுப்பாடு எங்களுக்கு நல்ல ஒழுங்கைத் தந்தது: ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, விண்ணப்பங்கள், மீதி நேரம் முழுக்க ஜெபம், ஒருவருக்கு மூன்று நிமிடம். கமிட்டி பணம் கட்டி வசதி செய்து தந்ததற்கு நன்றியோடிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு கூட்டம் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மூன்று பேர் ஜெபிக்கிறார்கள், 130 பேர் கேட்கிறோம். எண்ணிக்கை ஏறியது உண்மைதான், வாய் திறந்து ஜெபிக்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

இப்போது நேரலை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காரியத்தை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் வருஷம் ஒரு மகள், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான், தன் வீட்டுப் பிரச்சினையை வாட்ஸ்அப் குழுவில் ஜெப விண்ணப்பமாக எழுதினாள். யாரோ அதைப் படம் பிடித்து, ஜெபிக்க வேண்டும் என்ற பாரத்தோடுதான், இன்னொரு குழுவுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் அது அவள் மாமியார் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் குழுவிலிருந்து விலகினாள். நான் போன் போட்டேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனேன், கதவைத் திறந்து, "பரவாயில்ல அத்தை" என்று மட்டும் சொன்னாள். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. குழுவைப் பொறுப்பெடுத்து நடத்தியவள் நான், அது என் தப்பு. அன்றிலிருந்து பெயர் எழுதுவதில்லை. "ஒரு சகோதரியின் குடும்ப சமாதானத்துக்காக" என்றுதான் போடுகிறோம். செய்திகள் ஏழு நாளில் தானாக அழிகிற மாதிரி வைத்திருக்கிறோம். கூட்டத்தைப் பதிவு செய்வதே இல்லை.

ஒரு குழுவுக்குள் கசிந்ததே ஒரு பிள்ளையை இப்படித் துரத்தியது என்றால், யூடியூபில் போட்டால் யார் வாய் திறப்பார்கள்? குவைத்தில் வீட்டுவேலை செய்கிற அந்தத் தங்கச்சி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று ஜெபிக்கிறாள். எஜமானி வீட்டில் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம். அவள் குரலை நாம் உலகத்துக்கு ஒலிபரப்பலாமா ஐயா? பிரசங்கத்தை நேரலை செய்யுங்கள், ஞாயிறு ஆராதனையைச் செய்யுங்கள், படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஜெப அறைக்குக் கதவு வேண்டும். அதைப் பூட்டிக்கொள்ளச் சொன்னவர் நம் ஆண்டவர்தானே.

அப்படியென்றால் வளரவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வளர வேண்டும். மோசேயிடம் அவர் மாமனார் எத்திரோ சொன்னதை நாம் எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம், பத்துப் பேருக்கு ஒரு தலைவனை வை என்று! 1857 செப்டம்பரில் நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்ற ஊழியர் மத்தியான ஜெபத்துக்கு அழைத்துவிட்டு அரை மணி நேரம் தனியாகவே உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்தவர்கள் ஆறே பேர். கூட்டம் பெருகப் பெருக அடுத்த மாடியைத் திறந்தார்கள், பிறகு பக்கத்து ஆலயங்களில் கூடினார்கள். ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கக் கூடாது என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள். நாமும் இந்த 130 பேரைப் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம். ஜூமிலேயே தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. முதல் பதினைந்து நிமிடம் எல்லாரும் சேர்ந்து, அப்புறம் அறைகளுக்கு. பத்துப் பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் தெரியும், யாராவது போன் போடுவார்கள்.

அந்தப் பதின்மூன்று தலைவர்களுக்கு ஐயாதான் பயிற்சி தர வேண்டும். எனக்குத் தெரிந்த வரை அவர்களுக்கு அவசியமாகத் தேவைப்படுவது இரண்டு. ஜெபித்தோம், ஆகவே மாத்திரையை நிறுத்துங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரருக்கு மருந்தும் வேண்டும், ஜெபமும் வேண்டும். இரண்டாவது, ஒருவர் "வாழப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் அதை விண்ணப்பமாக மட்டும் எழுதிவைத்துவிட்டு அடுத்தவரிடம் போகக் கூடாது. உடனே தனியாக அழைத்துப் பேச வேண்டும், வீட்டில் கூட இருக்க ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு ஒரு ராத்திரி இது நேர்ந்தது, அப்போது எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் தவித்தோம்.

காணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆலய வேலைக்குப் பணம் தேவை என்று எனக்குத் தெரியும், அதற்கு ஆராதனையும், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையும் இருக்கின்றன. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்களிடமிருந்து பணம் வாங்க எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி முன்பே பதிவோ அனுமதியோ வேண்டும், அதையும் யோசியுங்கள். ஆனால் என் பயம் வேறு. வேலை போய்விட்டது என்று அழுகிறவன் கண்ணுக்கு முன்னால் கியூஆர் கோடு நிற்கக் கூடாது.

தீர்மானத்தை ரத்து செய்யும்படி தாழ்மையோடு கேட்கிறேன். கமிட்டி அழைத்தால் வந்து நேரில் பேசத் தயார். அதற்கு முன், இந்த வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் எல்லாரும், குருவானவரின் துணைவியார் ஐயரம்மாவும்கூட, வழக்கமான இணைப்பிலேயே வாருங்கள். ஒரு தடவை பத்துப் பேராகப் பிரிந்து பார்ப்போம். முதல் அறையை நடத்தப்போவது அந்த துபாய் மகன்தான்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபையின் ஒரு சகோதரி