குழாய் விவகாரத்தில் கூட நின்ற எல்லோருக்கும்

ஊர் மக்களுக்கு வணக்கம்.

நேற்று சாயங்காலம் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. நான் ஊராட்சித் தலைவராக இருந்தபோது குழாய் பதிக்காமலே பில் போட்டேன் என்ற புகாரில், என் மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இன்னும் கை நடுங்குகிறது. நடந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை; ராமேஸ்வரம் ரோட்டில் மண்டபத்திலிருந்து உச்சிப்புளி வரைக்கும் டீக்கடைகளில் என்னைவிட விவரமாகச் சொல்லிவிட்டார்கள். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். முதல் நன்றி யாருக்கு என்பது நம்மில் பாதிப் பேருக்குப் பிடிக்காது.

கீழத்தெரு அண்ணனுக்கு. 2019 டிசம்பரில் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து நின்ற மதினியின் வீட்டுக்காரர். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனால் அவர் எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சி என்று இங்கே பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கிராமசபையில் ஒரு தீர்மானத்தை நிம்மதியாக வாசிக்க விட்டிருப்பாரா?

குழாய் பதிக்காமலே பில் போட்டேன் என்பதுதானே புகார். விசாரணைக்கு முந்தின ராத்திரி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "குழி தோண்டலைனு எவன் சொன்னான்? எங்க ஆட்டுக்குட்டி அதுக்குள்ளதானே விழுந்துச்சு!" என்றார். கையில் ஒரு மஞ்சப்பை. குழியை மூடவில்லை என்று அப்போது திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் என் மேல் அவர் கொடுத்த மனுவின் நகல், தேதி முத்திரை விழுந்த ரசீது, கூடவே ஒரு போட்டோ. மணல் சரிந்த குழி, அடியில் கறுப்புக் குழாய், அதன் மேல் நின்று கத்துகிற குட்டி. ஆபீஸ் ஃபைலில் காணாமல் போன சாட்சி, என்னைத் திட்டி எழுதிய மனுவில் பத்திரமாக இருந்தது. மறுநாள் அவரே வந்து சொன்னார். சொல்லும்போதும், "நாலு நாள் குழியை மூடாம போட்டிருந்தாங்க" என்பதைச் சேர்த்துக்கொள்ள மறக்கவில்லை. சரி, அது அவர் குணம்.

அப்புறம், காசு வாங்காமல் வந்த வக்கீல் தம்பி, டேங்க் ஆபரேட்டர், மகளிர் குழுப் பெண்கள், ஜமாஅத் பெரியவர்கள், அன்றைக்குக் கடலில் இறங்காமல் வந்து நின்ற பாசி எடுக்கும் அக்காமார், வளைகுடாவிலிருந்து தைரியம் சொன்ன பிள்ளைகள், எல்லோருக்கும் என் கும்பிடு.

2011-இல் வார்டு உறுப்பினராக வந்தபோது எனக்குத் தெரிந்த அரசியல் தண்ணீர் மட்டும்தான். இந்தக் கரையில் போர்வெல் போட்டால் உப்பு. மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் கோரிக் குடம் நிறைத்தவள் நான். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தள்ளாத பெண் இங்கே யார்? 2016-இல் மனு தாக்கல் முடிந்த நிலையில் கோர்ட் தேர்தலையே ரத்து செய்தது. மூன்று வருஷம் பதவியில் யாரும் இல்லை. தண்ணீர் வராத அன்று குடத்தோடு என் வாசலுக்குத்தான் வந்தார்கள். அதை நான் பதவியைவிடப் பெரிதாக நினைத்தேன். இந்தப் புகார் வந்தபோது அதுதான் அதிகம் வலித்தது.

அண்ணன் வீடு லைனில் கடைசி. காவிரித் தண்ணீர் அங்கே நூலாகத்தான் விழுகிறது. தனி வால்வு வேண்டும் என்பதும் அந்த மனுவில் இருக்கிறது. நிதி வருவதற்குள் 2025 ஜனவரியில் எங்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இன்று எனக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லை. ஆனால் வருகிற கிராமசபையில் அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நானே எழுந்து கேட்பேன், வால்வு போடும்வரை விடமாட்டேன்.

மதினியிடம் இதைச் சொன்னேன். "கேளு, நல்லாக் கேளு. ஆனா தேர்தல் வந்தா நான் உன்னை எதிர்த்துத்தான் நிப்பேன்" என்றார். நில்லுங்கள் மதினி.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்