சனிக்கிழமை வாழைப்பழம்

குன்னூர்

அன்புள்ள சேகர்,

பதில் போடாமல் இத்தனை மாதம் இருந்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். மலைப்பாதையில் மண் சரிந்ததால் பஸ்கள் கோத்தகிரி சுற்றிப் போகின்றன. பாலு அந்த ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை.

எங்கள் தெருவில் குரங்குகளால் பெரிய சண்டை. பட்டாசு வெடித்து விரட்டலாம் என்றார்கள். யாரும் எதுவும் கொடுக்காமல், குப்பைத்தொட்டியை மூடி வைத்தாலே போதும் என்று வாதாடிச் சம்மதிக்க வைத்தேன். முதல் வாரம் அவை முன்னைவிட மூர்க்கமாகிக் கதவை உலுக்கின. பக்கத்து வீட்டு அம்மா மனம் பொறுக்காமல், சனிக்கிழமை, ஆஞ்சநேயரை நினைத்து இரண்டு பழம் வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்கின்னர் சொன்ன கதை நினைவிருக்கிறதா? நெம்புகோலை எலி அழுத்தினால் தீனி உருண்டை விழும். உருண்டைகளை அவரே செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் பார்த்தால், இருப்பு திங்கள் காலைக்குள் தீர்ந்துவிடும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதற்கு என்று நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைத்தார். எலி சளைக்கவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தது. எப்போதாவது கிடைக்கும் பலனால் ஊன்றிய பழக்கம் லேசில் போகாது. தீனி அடியோடு நின்றால் முதலில் வெறியோடு அழுத்தும், பிறகுதான் ஓயும். அந்த வெறியின் உச்சத்தில் பழம் வைத்தால் குரங்கு என்ன கற்கும்? அடுத்த முறை இன்னும் பலமாக உலுக்க வேண்டும் என்றுதானே!

மனமே இல்லை என்று சொன்ன ஸ்கின்னரை ஏன் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாய் என்று வழக்கம்போலக் கேட்பாய். எத்தனை முறை சொன்னாலும் உன் காதில் ஏறாது. 1913-இல் அகநோக்கை, அதாவது தன் மனதைத் தானே உற்றுப் பார்ப்பதை, அறிவியலுக்கு வெளியே தள்ளியவர் வாட்சன் என்ற உளவியலாளர். ஸ்கின்னரோ வலியும் நினைவும் உண்டு, அவற்றையும் நடத்தையாகவே விளக்க வேண்டும் என்றார். அங்கேதான் நான் அவரோடு முழுமையாகப் போவதில்லை. உளவியலாளர்கள் டோல்மனும் ஹான்சிக்கும் 1930-இல் வெளியிட்ட சோதனையைப் பார். தீனியே இல்லாமல் பத்து நாள் புதிர்ப்பாதையில் அலைந்த எலிகள், பதினோராம் நாள் தீனி கிடைத்ததும் தவறுகளைச் சட்டென்று குறைத்துவிட்டன. பரிசு வருவதற்கு முன்பே வழி உள்ளே பதிந்திருந்தது! எங்கள் தெருக் குரங்குகளுக்கும் எந்த வீட்டில் எந்த ஜன்னல் தாழ் தளர்ந்தது என்பது தெரியும். அந்தத் தலைக்குள் ஒரு வரைபடம் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

சேகர், உன் பேரன் தரையில் புரண்டு அழுதால் கடைசியில் போனைக் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. கொடுப்பதானால் கேட்டவுடனே கொடு. இல்லை என்றால், எவ்வளவு அழுதாலும் இல்லை என்றே இரு. முதல் சில நாள் அழுகை கூடும், தாங்கிக்கொள். அடிக்க மட்டும் வேண்டாம். அடி பழக்கத்தை அழிக்காது, பயம் இருக்கும்வரை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான். அழாமல் விளையாடுகிறானே, அப்போது அவன் பக்கத்தில் போய் உட்கார். உன் மருமகளிடமும் பேசு. இருவரில் ஒருவர் இளகினாலும் பயனில்லை.

நான் நாளை அந்த அம்மாவிடம் மறுபடி பேசப் போகிறேன். பழத்தைக் கோயிலிலேயே கொடுத்துவிடச் சொல்லிப் பார்க்கிறேன். பேரன் என்ன செய்கிறான் என்று உடனே எழுது.

அன்புடன்,
மூர்த்தி