ரெண்டு இடத்தில் எடுத்து வை

செங்கோட்டை
ஆனி, சாரல் பிடித்துவிட்டது

எய்யா,

போட்டோ எடுப்பதைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்தேன். 11 பக்கம். போனில் எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது, என் கண்ணுக்குத் தாங்காது. கடைப் பையன் மை மிச்சம் பிடித்தானோ என்னவோ, உன் போட்டோ எல்லாம் விபூதி பூசின மாதிரி வந்திருக்கிறது. அதனால் படத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். எழுத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், சாப்பிடுகிறாயா? மூன்று வாரமாக நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக் கோடு ரெண்டு விழுகிறது, பதில் விழவில்லை. அக்காவிடம் பேசுகிறாய் என்று தெரியும். போன ஞாயிறு புளியரை அத்தையும் உனக்குப் போன் பண்ணினாளாம். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உனக்கும் ஆயிரம் அலைச்சல் இருக்கும். சும்மா எழுதினேன்.

கட்டுரை நன்றாக இருக்கிறது. அப்பா இருந்திருந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டியிருப்பார். ஆனால் நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை 16இல் வைக்க வேண்டும், நம்பர் குறையக் குறையத் துவாரம் பெரிதாகத் திறக்கும் என்பதை என்னவோ உங்கள் வகுப்பில்தான் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருக்கிறாய். படம் எடுக்கும்போது அப்பா வானத்தைப் பார்க்கவே மாட்டார், தரையைத்தான் பார்ப்பார். நிழலின் ஓரம் கத்தி மாதிரி வெட்டினால் 16, ஓரம் கலங்கினால் 11, நிழல் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தால் 8, நிழலே விழவில்லை என்றால் 5.6. ஃபிலிம் 125 என்றால் ஷட்டர் ஸ்பீடும் 125, அவ்வளவுதான் கணக்கு. குற்றாலம் சீசனில் வானம் மூடிக்கொண்டால் இன்னும் திறப்பார். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நூறு தடவை சொல்லியிருப்பார். உனக்கு ஞாபகம் இல்லையா, இல்லை எழுத வெட்கமா?

பனிமலையைப் படம் எடுத்தால் வெளிச்சம் அளக்கிற மீட்டர் ஏமாந்துவிடும், எதைக் காட்டினாலும் அதை 18 சதவீதச் சாம்பலாக நினைத்துத்தான் கணக்குப் போடும் என்று உங்கள் சார் சொன்னாராம். சரிதான். ஆனால் நீ பனியை எங்கே பார்த்தாய்? வெள்ளை வேட்டி மாப்பிள்ளையைப் பார்த்ததில்லையா? ஆரியங்காவுப் பக்கத்துக் கல்யாணம் என்றால் பெண்ணும் கசவு உடுத்து வெள்ளையாக நிற்பாள். மீட்டர் சொன்னபடி எடுத்தால் வேட்டி அழுக்காகும், முகம் கரியாகும். அப்பா ஒன்றரை ஸ்டாப் திறந்து வைப்பார். இதை எழுது. உன் சாருக்கும் புதிதாக இருக்கும்.

பின்னால் இருப்பதை மங்கலாக்குவதற்கு 1.8 லென்ஸ் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இப்போது பணம் கேட்கிறாயா, கேட்கவில்லையா என்று புரியவில்லை. கேட்பதென்றால் நேராகக் கேள்.

எடுத்த படத்தையெல்லாம் ரெண்டு இடத்தில் எடுத்து வை. ஒரு ஹார்ட் டிஸ்க் போதாது. ஹாஸ்டலில் ஒன்று, வேறு எங்காவது ஒன்று.

7ஆம் பக்கத்தில் ஒரு பெண்ணின் முகத்தில் இருந்த தழும்பை ஒரே கிளிக்கில் அழித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். நெகட்டிவில் முகத்தைத் திருத்துகிற என் டெஸ்க்கில் நான் வேலை செய்து நீ பார்த்ததில்லை, நீ பிறப்பதற்கு முன்னாலேயே அதை அடுக்களைக்கு மாற்றிவிட்டேன். பால் கண்ணாடி, அதற்குக் கீழே முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்து வைத்து ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்ப வேண்டும். நெகட்டிவின் மேல் மீடியம் என்று ஒரு பிசின் எண்ணெயைத் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பென்சில் வழுக்கும். பென்சில் முனையை உப்புத்தாளில் ஊசியாகத் தீட்ட வேண்டும். கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பு, நெகட்டிவில் வெறும் வெளியாகத் தெரியும். அதைக் கமா கமாவாகப் போட்டு நிரப்ப வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் பிரிண்டில் வெள்ளைப் புழு நெளியும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம். இந்த டச்சப்பைத் தென்காசியில்கூட எவனும் பண்ண முடியாது என்று அப்பா கடை வாசலில் நின்று சொல்வார். பண்ணுவது யார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

நான் டச்சப் பண்ணின பெண்களையெல்லாம் தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. நெகட்டிவில் காட்டினால் சொல்லிவிடுவேன்.

ஒருத்திக்கு அம்மைத் தழும்பு. முகம் நிறைய. அவளுடைய அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, படத்தில் தெரியாமல் பண்ணிக்கொடு தாயி என்றாள். ரெண்டு நாள் உட்கார்ந்து ஒன்றுகூட விடாமல் நிரப்பினேன். என் கைக்கே நம்பிக்கை வரவில்லை, அப்படி ஒரு முகம். படத்தைப் பார்த்துப் புனலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்த வேகத்தில் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்கப்புறம் ரெண்டு தழும்பாவது விட்டு வை என்று அப்பா சொல்வார். நீயும் விட்டு வை. கண்ணையும் பார்த்துக்கொள், ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு லேப்டாப்பில் உட்காராதே. எனக்கு 40 வயதிலேயே போய்விட்டது.

அக்காவுக்கு வைகாசியில் பார்த்த இடம் சரிவரவில்லை. கிணற்று மோட்டார் மாற்றியாகிவிட்டது. மாடியில் குடியிருக்கிற டீச்சர் உன்னைக் கேட்டார்கள். படத்தை ரெண்டு இடத்தில் எடுத்து வை, மறந்துவிடாதே.

சரி, கடைசிப் பக்கம்.

2010இல் புனலூர் லைனில் மீட்டர்கேஜ் ரயில் கடைசியாக ஓடினபோது, கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்துக்குக் கீழே அப்பாவோடு நின்றதை எழுதியிருக்கிறாய். லென்ஸ் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன், அதுதான் என் முதல் வகுப்பு என்று. உனக்கு அப்போது 5 வயது. மூடியைத் தொலைக்காமல் கொண்டுவந்தாய் என்று அப்பா ராத்திரியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யாஷிகா கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான். 9ஆவதுதான் படம், மற்றதெல்லாம் ரயில் என்று சொன்னார்.

அந்த நெகட்டிவும் மற்றதும் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டு பரணில் கிடப்பதாக எழுதியிருக்கிறாய். ஒட்டின நெகட்டிவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கலாமாம், அடுத்த செமஸ்டருக்குப் பெட்டியோடு கொண்டுவரப் போகிறாயாம்.

வெறும் ஈரத்தில் ஒட்டினதை வேண்டுமானால் ஊறவைத்துப் பார்க்கலாம். பூசணம் தின்றதைத் தண்ணீரில் போடக் கூடாது. ஜெலட்டின் கரைந்து படமே கையோடு வந்துவிடும். இதை உன் சாரிடம் கேட்டுக்கொள்.

இதை மட்டும் எழுதிக் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் நேற்று உட்கார்ந்தேன். முடித்தும்விட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை, கிழித்துப் போட்டேன்.

பரணில் ஒன்றும் இல்லை எய்யா. பூசணமும் பிடிக்கவில்லை. அப்பா ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, நம்பர் எழுதி, பிஸ்கட் டின்னில் அடுக்கி, சாரல் மாதம் முழுக்க டின்னுக்குப் பக்கத்தில் பல்பு எரியவிட்டு வைத்திருந்தார். அதில் எப்படிப் பூசணம் பிடிக்கும்? படம் கழுவின பழைய ஹைப்போத் தண்ணீரை வெள்ளி எடுப்பதற்காக வாங்க வருவாரே வெள்ளிக்காரர், அவரை நான்தான் கூப்பிட்டேன். 2018 ஜூனில். புனலூர் லைன் திரும்பத் திறந்து ஊரே ரயில் பார்க்கப் போயிருந்த வாரம். நீ ஸ்கூலில் இருந்தாய். கண்ணாடி நெகட்டிவ், ஃபிலிம் எல்லாம் சேர்த்து 31 கிலோ. 4,200 ரூபாய் கொடுத்தார். ஃபிலிமை எரித்து வெள்ளி எடுப்பார்களாம். அத்தை கூடவே இருந்தாள், தராசு முள்ளைப் பார்த்தது அவள்தான். அவள் உன்னிடம் சொல்லியிருந்தால் இது உனக்குப் புதிதில்லை. சொல்லவில்லை என்றால் என் வாயால் கேட்டதாக இருக்கட்டும்.

உன் ஃபீஸுக்காக விற்றேன் என்று சொன்னால் உனக்கும் ஆறுதல், எனக்கும் கௌரவம். அதற்கில்லை. மாடி அறையைக் காலி பண்ணி வாடகைக்கு விட வேண்டியிருந்தது. அதுவும் பாதிக் காரணம்தான். அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கடனுக்கு ஆள் வந்தார்கள், நெகட்டிவுக்கு ஒருத்தரும் வரவில்லை. என் கண்ணைத் தின்ற பெட்டிகள் நடு அறையில் சாமி மாதிரி உட்கார்ந்திருந்தன. எனக்கு அதன்மேல் கோபம். அவர்மேலும்தான். வெள்ளிக்காரர் தராசில் வைக்கும்போது ஒரு கவர் கிழிந்து ஒரு முகம் கீழே விழுந்தது. என் பென்சில் கோடு பளபளவென்று தெரிந்தது. எடுத்து அவரிடமே கொடுத்தேன். நீ சாயங்காலம் வந்து கேட்டபோது பூசணம் என்று வாயில் வந்தது. அழுதாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எந்த ரோலையும் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை. 9ஆவது அதிலேயே போனது.

இதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருக்காதே.

ஒன்று இருக்கிறது. நெகட்டிவ் ரிஜிஸ்டர். காகிதம் என்பதால் வெள்ளிக்காரர் எடுக்கவில்லை, பழைய பேப்பர்காரருக்குப் போட எனக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான், நான் ஒன்றும் காப்பாற்றவில்லை. 9 நோட்டு. முதல் நோட்டில் தாத்தா 1132 என்று கொல்லம் ஆண்டு போட்டுத் தொடங்கியிருக்கிறார், அதாவது 1956. நம் ஊர் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது அந்த நவம்பரில்தான். நம்பர், பெயர், ஊர், சைஸ், அட்வான்ஸ், எல்லாம் வரிசையாக இருக்கிறது. புளியரை, கேசவபுரம், ஆரியங்காவு, தென்மலை. படம் வாங்கிப் போனவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள், பாதியாவது இருக்கும். நீ வீடு வீடாகப் போய்க் கேட்டால் கொடுப்பார்கள். அப்பா பெயரைச் சொல்.

பார்சலில் அனுப்பமாட்டேன். ஒரே ஒரு காப்பிதான் இருக்கிறது. போனில் படம் எடுத்து அனுப்பலாம் என்று முயன்றேன், கை நடுங்கி எல்லாம் கலங்கிவிட்டது. பொதிகை ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம், எங்கேயும் மாற வேண்டியதுகூட இல்லை.

கடைசி நோட்டில் 2010 பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. பகவதிபுரம் ஸ்டேஷன், 10க்கு 12, கடைசி வண்டி, அட்வான்ஸ் இல்லை. கேட் கீப்பருக்கு அப்பா சும்மா கொடுத்திருக்க வேண்டும், அவர் குணம் உனக்குத் தெரியும். அந்த ஆள் ரிட்டயர் ஆகி எங்கே இருக்கிறாரோ. பகவதிபுரத்தில் விசாரித்தால் சொல்வார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு ரெண்டு தடவை திரும்பி வந்துவிட்டேன். தனியாகப் போய்க் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அம்மா